போரும் நீதியும் – 9: யாரும் கேட்காத கேள்வி

நூரெம்பர்க், டோக்கியோ விசாரணைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். நூரெம்பர்க் சாசனம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களைப் பட்டியலிட்டபோது, பாலியல் வல்லுறவை அதில் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. டோக்கியோவில் நான்ஜிங் பெண்களுக்கு நேர்ந்தது சாட்சியமாக வந்தது. ஆனால் ஜப்பானிய ராணுவத்தின் விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்ட ஆசியப் பெண்களுக்காக அங்கே ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1949இல் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம் ஒருவழியாக வல்லுறவைத் தடை செய்தது. அதையும் எப்படிச் செய்தது? பெண்களின் மானத்தின் மீது நடக்கும் தாக்குதல்களில் ஒன்றாக 27வது பிரிவில் சேர்த்தது. உடம்பின் மீது நடந்த வன்முறை, மானத்தின் கணக்கில் எழுதப்பட்டது. ஆண்களுக்கு இப்படி நேரலாம் என்ற நினைப்பே அந்தப் பிரிவில் இல்லை.

அதன் பிறகு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு சட்டம் அப்படியே கிடந்தது. அசைந்த ஆண்டு 1998. அந்த ஒரே ஆண்டில் ஜூலை, செப்டம்பர், நவம்பர், டிசம்பர் என்று நான்கு மாதங்களில் நான்கு நிகழ்வுகள். செப்டம்பரில் தீர்ப்பு வந்த வழக்கில் தொடங்குவோம், மற்ற மூன்றையும் புரிந்துகொள்ள அதுதான் வழி.

தபாவின் மேயர்

ருவாண்டாவின் நடுப்பகுதியில், அன்றைய கிதாராமா மாகாணத்தில் இருந்தது தபா கம்யூன், அதாவது ஓர் உள்ளாட்சிப் பகுதி. அங்கே ஜான்-பால் அகாயேசு பள்ளி ஆசிரியராக இருந்தார், பிறகு பள்ளி ஆய்வாளரானார், 1993 ஏப்ரலில் மேயரானார். நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர், தாசில்தார், இன்ஸ்பெக்டர் மூவரின் அதிகாரத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் எப்படியோ, அப்படிப்பட்ட பதவி அது. உள்ளூர்ப் போலீஸ் அவர் சொன்னபடி கேட்கும். ஊர் வழக்குகள் அவரிடம் வரும். ஊராரும் அவரை மதித்தார்கள்.

1994 ஏப்ரல் 6 அன்று ருவாண்டா ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே தலைநகர் கிகாலியில் துத்சி இன மக்களைத் தேடித் தேடிக் கொல்லத் தொடங்கினார்கள். தபாவில் உடனே அது நடக்கவில்லை. முதல் சில நாட்கள் அகாயேசு கொலைகாரக் கும்பலைத் தடுத்து நிறுத்தியதாக அவருக்கு எதிராக வந்த சாட்சிகளே சொன்னார்கள், நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் 18 அன்று இடைக்கால அரசின் தலைவர்கள் மேயர்களைக் கூட்டிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்தவர் வேறு ஆளாக இருந்தார். தபாவில் கொலைகள் தொடங்கின.

உயிருக்குப் பயந்த துத்சி பெண்கள் கம்யூன் அலுவலகத்துக்கு ஓடிவந்தார்கள். அரசு அலுவலகம், மேயர் இருக்கிறார், போலீஸ் இருக்கிறது என்ற நம்பிக்கை. வளாகத்துக்குள்ளே ஒரு கலாசார மையம் இருந்தது. இண்டரஹாம்வே என்ற ஆயுதக் கும்பல் அந்தப் பெண்களை அங்கே இழுத்துப்போய் மீண்டும் மீண்டும் வல்லுறவு செய்தது. மேயரின் கண்ணுக்கு எட்டும் தூரம்தான்.

ஐ.நா. பாதுகாப்புச் சபை 1994 நவம்பரில் ருவாண்டாவுக்கென ஒரு சர்வதேச நீதிமன்றத்தை அமைத்தது. தான்சானியாவின் அருஷா நகரில் அது இயங்கியது. அகாயேசு 1995 அக்டோபரில் சாம்பியாவில் பிடிபட்டார். 1996 பிப்ரவரியில் அவர்மீதான குற்றப்பத்திரிகை உறுதி செய்யப்பட்டது. அதில் 12 குற்றச்சாட்டுகள்: இனப்படுகொலை, கொலை, சித்திரவதை என்று நீளும் பட்டியல். வல்லுறவு அதில் இல்லை.

தெரியாமல் போனதா? அதற்கு முந்தைய மாதம்தான் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ரெனே தெக்னி-செகுய் தன் அறிக்கையை வைத்திருந்தார். ருவாண்டாவில் வல்லுறவு நடப்பதே விதியாக இருந்தது, நடக்காதது விதிவிலக்கு என்று எழுதியிருந்தார். அப்படி நடந்த சம்பவங்களை இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை என்று மதிப்பிட்டிருந்தார். ஆக, ஐ.நா.வின் ஒரு கைக்குத் தெரிந்திருந்தது. விசாரணை அதிகாரிகள் கிராமம் கிராமமாகப் போய் வாக்குமூலம் எழுதியபோது, யார் செத்தார்கள், யார் கொன்றார்கள் என்று கேட்டார்கள். உங்களுக்கு என்ன நடந்தது என்று பிழைத்திருந்த பெண்களிடம் கேட்கவில்லை.

சாட்சி ஜே

1997 ஜனவரி 9 அன்று விசாரணை தொடங்கியது. மூன்று நீதிபதிகள். தலைமை செனகல் நாட்டின் லாய்ட்டி காமா. ஸ்வீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரென் இன்னொருவர். மூன்றாமவர், அந்த அமர்வின் ஒரே பெண், தென்னாப்பிரிக்காவின் நவநீதம் பிள்ளை.

நவி பிள்ளை என்றதும் நமக்கு ஜெனீவாவும் இலங்கையும் நினைவுக்கு வரும். அவர் ஐ.நா. மனித உரிமை ஆணையரானது 2008இல்; இது அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முந்தைய கதை. டர்பனின் கிளேர்வுட் பகுதியில் 1941இல் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா பஸ் டிரைவர். அப்பாவின் சம்பளப் பணத்தைத் திருடியவனுக்கு எதிராக ஆறு வயதில் கோர்ட்டில் சாட்சி சொன்னதையும், அவனுக்குத் தண்டனை கிடைத்தும் பணம் வீடு திரும்பாததையும் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1967இல் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர். நிறவெறி அரசின் சிறைகளில் சித்திரவதைப்பட்டவர்களுக்காக வாதாடியவர். வாயடைத்துப் போன மனிதர்களிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பது அவருக்குத் தொழிலில் படிந்த அறிவு.

விசாரணை தொடங்கிய சில வாரங்களில் ஒரு துத்சி பெண் சாட்சிக் கூண்டில் ஏறினார். பாதுகாப்புக்காகச் சாட்சிகளுக்குப் பெயர் கிடையாது, எழுத்துதான். இவர் சாட்சி ஜே. கொலைகளைப் பற்றிச் சொல்ல அழைக்கப்பட்டவர். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில், தன் தந்தையைக் கொல்ல வந்த இண்டரஹாம்வேக்காரர்கள் மூவர் தன் ஆறு வயது மகளை வல்லுறவு செய்தார்கள் என்றார். அரசுத் தரப்பு அதை எதிர்பார்க்கவில்லை.

அரசுத் தரப்பைப் பொறுத்தவரை அது வழக்குக்கு வெளியே உள்ள செய்தி. குற்றப்பத்திரிகையில் இல்லை, எனவே கடந்துபோகலாம். நீதிபதிகள் கடந்துபோகவில்லை. தாங்களே கேள்வி கேட்டார்கள். கம்யூன் அலுவலகத்தில் இளம்பெண்களுக்கு இப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டேன் என்றார் ஜே. அடுத்து சாட்சி ஹெச் வந்தார். தன்னைச் சோளக்காட்டில் வைத்து வல்லுறவு செய்ததையும், கம்யூன் அலுவலக வளாகத்துக்கு வெளியே மற்ற பெண்களுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்ததையும் சொன்னார். மேயருக்குத் தெரியுமா என்று அமர்வு கேட்டது. அது எனக்குத் தெரியாது, ஆனால் நடந்தது கம்யூன் அலுவலகத்தில், பெண்கள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்று அளந்து பதில் சொன்னார் அந்தப் பெண்.

இதற்கிடையில் பெண்கள் அமைப்புகளின் கூட்டணி ஒன்று, குற்றப்பத்திரிகையைத் திருத்தச் சொல்லி நீதிமன்றத்திடம் மனு அளித்தது. அரசுத் தரப்பும் விசாரணையை நிறுத்திவைக்கச் சொல்லி, திரும்பத் தபாவுக்குப் போய் வாக்குமூலம் எடுத்தது. 1997 ஜூன் 17 அன்று குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 12 குற்றச்சாட்டுகள் 15 ஆயின. இத்தனை நாள் ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு அரசுத் தரப்பு சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியம்: பாதிக்கப்பட்டவர்களின் கூச்சம், விசாரித்தவர்களின் அக்கறையின்மை. முதலாவதை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவதைத் தன் வாயாலேயே ஒரு சர்வதேச அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது புதிது.

இந்தக் குற்றச்சாட்டுகள் பெண்கள் இயக்கங்களின் நெருக்குதலால் முளைத்தவை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அமைப்புகள் காட்டிய அக்கறையை, போர்க்குற்ற விசாரணைகளில் வல்லுறவு காலங்காலமாக விடுபட்டு வந்ததைப் பற்றிய பொதுமக்களின் கவலையாகவே தீர்ப்பு எடுத்துக்கொண்டது.

அக்டோபரில் விசாரணை மீண்டும் தொடங்கியபோது புதிய சாட்சிகள் வந்தார்கள். அவர்களில் சாட்சி ஜேஜே, கலாசார மையத்துக்குள் தன்னை இழுத்துப்போனபோது அகாயேசு வாசலில் நின்றதைச் சொன்னார். துத்சி பெண்ணின் ருசி எப்படி என்று இனி என்னிடம் கேட்காதீர்கள் என்று அவர் அந்த ஆண்களிடம் உரக்கச் சொன்னதையும் சொன்னார். மேயர் தானே வல்லுறவு செய்யவில்லை. ஆனால் அவருடைய சொற்கள் செய்தவர்களுக்கு ஊக்கம் கொடுத்தன என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு என்ன சொன்னது?

1998 செப்டம்பர் 2. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் அளித்த முதல் தீர்ப்பு அது. 15 குற்றச்சாட்டுகளில் ஒன்பதில் அகாயேசு குற்றவாளி. ஆயுள் தண்டனை. 2001இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. நம் தொடருக்கு வேண்டியவை அதில் மூன்று.

முதலாவது, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வல்லுறவும் இனப்படுகொலைதான் என்றது. தபாவில் அந்தப் பெண்களுக்கு நடந்தது கொலையோடு சேர்ந்து நடந்த ஒழுங்கீனமாகப் பார்க்கப்படவில்லை, அழிக்கும் வேலையின் ஒரு பகுதியாகவே பார்க்கப்பட்டது.

இரண்டாவது, வல்லுறவுக்கு சர்வதேசச் சட்டத்தில் அதுவரை இல்லாத இலக்கணம் ஒன்றை எழுதியது. நிர்ப்பந்தம் நிலவும் சூழலில், ஒரு நபரின் உடலின் மீது நடக்கும் பாலியல் இயல்புள்ள அத்துமீறல் என்பது அதன் சாரம். எந்த உறுப்பு, எந்தப் பொருள் என்று இயந்திரத்தனமாக அடுக்குவதால் இந்தக் குற்றம் பிடிபடாது, சித்திரவதையை நாம் அப்படி அடுக்குவதில்லையே என்று கேட்டது. பெண் என்றோ ஆண் என்றோ சொல்லவில்லை. அந்த இடத்தில் மானமும் இல்லை.

மூன்றாவது, தொடாமலே பாலியல் வன்முறை நடக்க முடியும் என்றது. ஒரு மாணவியை நிர்வாணமாக்கி, கம்யூன் அலுவலக முற்றத்தில் கூட்டத்தின் முன்னால் உடற்பயிற்சி செய்ய வைத்திருந்தார்கள். யாரும் அவளைத் தொடவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லாமல், அதையும் குற்றமாக எழுதியது.

குறையும் இருந்தது. தந்தையின் இனமே பிள்ளையின் இனமாகும் சமூகங்களில், வேற்று இனக் கருவைத் திணிப்பது பிறப்பைத் தடுக்கும் செயலாகலாம் என்று தீர்ப்பு விளக்கியது. கொன்றவர்களின் கணக்கு அதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்கைச் சட்டம் அப்படியே எடுத்து எழுதும்போது, தாயின் இனம் பிள்ளையிடம் எங்கே போயிற்று என்ற கேள்வி மிஞ்சுகிறது. போரில் பிறந்த பிள்ளைகளின் கதைக்கு வரும்போது இதைத் திரும்பப் பார்ப்போம்.

இன்னொன்றையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அருஷா சிறையில் இருந்த குற்றவாளிகளுக்கு ஹெச்.ஐ.வி. மருந்து கிடைத்தது. வல்லுறவால் அந்தத் தொற்றைப் பெற்று, சாட்சி சொல்ல வந்த பெண்களுக்குப் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. இழப்பீடு வழங்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை. குற்றவாளிக்குத் தண்டனை, பாதிக்கப்பட்டவருக்கு வெறுங்கை.

செலெபிச்சியின் சகோதரர்கள்

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான நீதிமன்றம் 1993 மே மாதத்திலேயே ஹேக் நகரில் அமைந்துவிட்டது. அதன் விதிகள் பெண் சாட்சிகளுக்கு அன்றைய பல நாடுகளின் சட்டங்களைவிடச் சாதகமானவை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை, அவருடைய முந்தைய வாழ்க்கையைக் கிளறக் கூடாது என்று 96வது விதி சொன்னது. ஆனாலும் முதல் வழக்கான டாடிச் வழக்கில், வல்லுறவுக் குற்றச்சாட்டு ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று. சாட்சி சொல்ல வேண்டிய பெண் பயந்து பின்வாங்கிவிட்டார்.

அதே டாடிச் வழக்கில், ஓமர்ஸ்கா முகாமில் ஆண் கைதிகள் ஒருவர்மீது ஒருவர் பாலியல் கொடுமை செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்டது விசாரிக்கப்பட்டது. 1997 மே 7இல் வந்த தீர்ப்பு அதைக் கொடூரமாக நடத்துதல் என்ற தலைப்பில் சேர்த்தது.

அடுத்து 1998 நவம்பர் 16. மத்திய போஸ்னியாவில் கோன்யிட்ஸ் நகருக்கு அருகே இருந்த செலெபிச்சி முகாம் வழக்கு. இங்கே கைதிகள் போஸ்னிய செர்பியர்கள், காவலர்கள் எதிர்த்தரப்பினர். முகாமின் துணைத் தளபதியாக இருந்த ஹசிம் டெலிச், இரண்டு பெண்களை வல்லுறவு செய்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அது சித்திரவதை என்றது நீதிமன்றம். சித்திரவதைக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும்: தகவல் பெறுவது, தண்டிப்பது, மிரட்டுவது, பாகுபாடு காட்டுவது. பெண் என்பதற்காகவே ஒருத்திமீது இது ஏவப்பட்டால், அந்தப் பாகுபாடே நோக்கமாகிறது என்று தீர்ப்பு காரணம் காட்டியது. மானத்தின் கணக்கிலிருந்து விடுபட்ட குற்றம், சர்வதேசச் சட்டத்தின் மிகக் கடுமையான தலைப்புகளில் ஒன்றின் கீழ் வந்து சேர்ந்தது.

அதே முகாமில் இரண்டு சகோதரர்களை, மற்ற கைதிகளின் கண்ணெதிரே, ஒருவர்மீது ஒருவர் வாய்வழிப் பாலுறவு கொள்ளும்படி கட்டாயப்படுத்தியிருந்தார்கள். நடந்தது நிரூபணமானது. தீர்ப்பு அதை மனிதத்தன்மையற்ற முறையில் நடத்துதல் என்று வகைப்படுத்தியது. பிறகு ஒரு வரி சேர்த்தது: உரிய முறையில் குற்றம் சாட்டப்பட்டிருந்தால் இது வல்லுறவாகக்கூட இருந்திருக்க முடியும்.

நீதிபதிகள் குற்றத்தை அடையாளம் கண்டுவிட்டார்கள், ஆனால் அந்தப் பெயரால் தண்டிக்க முடியவில்லை. குற்றப்பத்திரிகை எழுதியவர்களின் மனத்தில் வல்லுறவு என்றால் பெண்ணுக்கு நடப்பது. தபாவில் பெண்களிடம் கேட்காமல் விட்டார்கள். கோன்யிட்ஸில் ஆண்கள் சொன்னதைக் கேட்டும் வேறு தலைப்பில் எழுதினார்கள். அருஷாவில் தவறு விசாரணையின் நடுவிலேயே திருத்தப்பட்டது. ஹேக்கில் அது தீர்ப்பின் ஓரத்தில் ஒரு குறிப்பாக நின்றுபோனது.

நீதிபதி பெண்ணாக இருந்தால்?

டிசம்பர் 10 அன்று, அதே ஹேக் நீதிமன்றத்தில், ஃபுருஞ்சியா என்பவர்மீதான வழக்கில் தீர்ப்பு வந்தது. இந்த அமர்வு வல்லுறவுக்கு உறுப்புகளைப் பெயர் சொல்லி, பழைய பாணியில் இலக்கணம் எழுதியது. அருஷாவின் அகலமான பார்வை குறுகிவிட்டது என்று அதை விமர்சித்தார்கள். ஆனால் வாய்வழிக் கட்டாயமும் வல்லுறவே என்று அதில் தெளிவாக எழுதியதால், செலெபிச்சி சகோதரர்களைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது.

அமர்வின் தலைவர் சாம்பியாவின் ஃப்ளோரன்ஸ் மும்பா. தண்டனைக்குப் பின் எதிர்த்தரப்பு ஒரு புது ஆட்சேபம் எழுப்பியது: மும்பா முன்பு ஐ.நா.வின் பெண்கள் நிலை ஆணையத்தில் இருந்தவர், அந்த ஆணையம் போர்க்கால வல்லுறவைக் கண்டித்தது, எனவே அவர் நடுநிலையானவராக இருக்க முடியாது. 2000 ஜூலையில் மேல்முறையீட்டு அமர்வு இதைத் தள்ளுபடி செய்தது. ஆண் நீதிபதிகள் ஆண்களாக இருப்பதால் பாரபட்சமானவர்கள் என்று அரை நூற்றாண்டில் யாரும் மனுப் போட்டதில்லை.

பாலினத்தை வைத்துக் குற்றவாளியையும் முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது. ருவாண்டாவில் குடும்ப, மகளிர் நலத்துறை அமைச்சராக இருந்தவர் பாலின் நிராமசுஹுகோ. புடாரே பகுதியில் நடந்த வல்லுறவுகளுக்கு அதிகாரப் பொறுப்பில் இருந்தவர் என்று 2011இல் அருஷா நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2015இல் அது 47 ஆண்டுகளாகக் குறைந்தது. சர்வதேச நீதிமன்றத்தில் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் பெண் அவர்.

ரோமில் ஒரு பேரம்

விட்டுவைத்த ஜூலைக்கு வருவோம். 1998 ஜூலை 17 அன்று ரோமில், நிரந்தர சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சாசனம் நிறைவேறியது. 120 நாடுகள் ஆதரவு, 7 எதிர்ப்பு, 21 நாடுகள் வாக்களிக்கவில்லை. வாக்களிக்காதவற்றில் இந்தியாவும் ஒன்று. வல்லுறவு, பாலியல் அடிமைத்தனம், கட்டாய விபசாரம், கட்டாயக் கர்ப்பம், கட்டாயக் கருத்தடை ஆகியவை அதில் தனித்தனியே பெயர் பெற்றன.

பாலினம் என்றால் என்ன என்பதில் கடும் இழுபறி. வத்திக்கானும் அரபு நாடுகள் பலவும் ஒரு பக்கம், பெண்கள் அமைப்புகள் மறுபக்கம். சமூகத்தின் சூழலில் ஆண், பெண் என்ற இரு பாலர் என்று ஒரு சமரச வாசகம் எழுதி முடித்தார்கள். இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை அதில் படித்துக்கொள்ளலாம். ஆனால் பின்னர் வகுத்த குற்றக்கூறுகளில், வல்லுறவின் இலக்கணம் எந்தப் பாலினத்தவருக்கும் பொருந்தும் என்று அடிக்குறிப்பாகவே எழுதிவிட்டார்கள்.

அந்தத் தெளிவு ஹேக்கில் நடைமுறைக்கு வந்ததையும் பார்த்துவிடுவோம். வடக்கு போஸ்னியாவில் பிர்ச்கோ நகரின் லூகா முகாம். அங்கேயும் இரண்டு சகோதரர்கள், அங்கேயும் அதே கட்டாயம். ரான்கோ செஷிச் என்பவர்மீது இம்முறை அரசுத் தரப்பு வல்லுறவு என்றே குற்றம் சாட்டியது. அவர் ஒப்புக்கொண்டார். 2004 மார்ச்சில் 18 ஆண்டு சிறை. செலெபிச்சி தீர்ப்பின் ஓரத்தில் எழுதிய அந்த ஒரு வரி, தண்டனையாக மாற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ஹேக் நீதிமன்றம் மொத்தம் 161 பேர்மீது குற்றம் சாட்டியது. அவர்களில் 78 பேரின் குற்றச்சாட்டுகளில் பாலியல் வன்முறையும் இருந்தது. நூரெம்பர்க்கோடு ஒப்பிட்டால் இது பெரிய தூரம்தான். ஆனால் இந்தக் கணக்கில் இருப்பவர்கள் எல்லோரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள். பாதிக்கப்பட்டவர், தீர்ப்பில் ஓர் எழுத்தாக வந்துபோன பிறகு, ஊருக்குத் திரும்பி அரசு அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார். போரில் கால் இழந்தவருக்கு ஓய்வூதிய அட்டை உண்டு. இவருக்கு உண்டா? உண்டென்றால் எந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும், உடல் சேதம் எத்தனை சதவீதம் என்று எந்த டாக்டர் எழுதித் தர வேண்டும், விண்ணப்பிப்பவர் ஆணாக இருந்தால் அந்தப் படிவத்தில் அவருக்கு இடம் இருக்கிறதா?

போஸ்னியாவின் ஒரு பாதியில் 2006இல் ஒரு சட்டத் திருத்தம் இதற்குப் பதில் சொல்ல முயன்றது. பெர்லினில் தங்கக்கரடி விருது வாங்கிய ஒரு திரைப்படத்துக்கும் அதில் பங்கு உண்டு. அடுத்த வாரம் சராயேவோ.